பெருநோய் வரலாறு – 14: சுண்டெலியின் பாதம் முதல் செங்கற்பட்டு வரை

சித்தியவானிலிருந்து மேற்கே லுமுட் துறைக்குச் சென்று, அங்கே படகேறிப் பங்கோர்த் தீவை அடைகிறவர்களுக்கு, அத்தீவின் தென்மேற்கில் கடலுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் பங்கோர் லாவுட் என்னும் சிறு தீவு, இன்று செல்வந்தர்கள் வந்து ஓய்வு கொள்ளும் உல்லாச ஸ்தலமாகவே அறிமுகமாகிறது. ஆயினும், இந்நாட்டில் ஆங்கிலேயர் அதிகாரம் செலுத்திய நாளில், பேராக் மாநிலத்துப் பெருநோயாளர்களைக் கொண்டுபோய் ஒதுக்கி வைப்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட இடமும் அதுவே என்பதை இத்தொடரின் முற்பகுதிகளில் கண்டோம். பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவின் கதையையும், 1926-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைப் பிடித்து அடைக்க அதிகாரிகளுக்கு அளித்த உரிமையையும், 1930-இல் சுங்கை பூலோப் பள்ளத்தாக்கில் எழுந்த பெருங்குடியிருப்பையும், அங்கே பிறந்த சிசுக்களைத் தாயின் மடியிலிருந்து பிரித்தெடுத்துப் பிறருக்குத் தத்துக் கொடுத்த கொடுமையையும் சொல்லியாயிற்று. தொடையிலோ தோளிலோ உணர்ச்சியற்ற வெளிறிய படை ஒன்று தென்பட்டால், அதைத் தோட்டத்து டிரஸர் கண்ணில் படாமல் துணிக்குள் மறைத்துக்கொண்டே விடியற்காலையில் பால் வெட்டப் போகும்படி எளிய மக்களை அச்சுறுத்தியது அந்தச் சட்டம்.

அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் கொடியவர்கள் என்று கூற நான் முற்படவில்லை. நோயாளரைத் தொட்டவர் யாவரும் நோய்க்கு ஆளாவர் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் பிழை. மனிதரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருடைய சரீரம், பெருநோய்க் கிருமி உட்புகுந்தாலும் அதை அடக்கி அழிக்கும் ஆற்றலை இயல்பாகவே பெற்றிருக்கிறது என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. கடலை வேலியாக வைத்தவர்கள், அக்கடலினும் வலிய வேலியொன்று தத்தம் தேகத்துக்குள்ளேயே அமைந்திருப்பதை அறிந்திலர். அவ்வேலி எத்தன்மையது, அது ஏன் சிலரிடம் மட்டும் இல்லாமற் போகிறது, இல்லாதவர்க்கு அதை ஊசி மூலம் எழுப்பிக் கொடுக்க இயலுமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிய வரலாறு, பெரும்பாலும் ஆராய்ச்சிசாலைப் பிராணிகளின் வரலாறாகவே இருக்கிறது. அதையே இப்பகுதியில் கூறப் புகுகிறேன்.

நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் 1873-இல் நோயாளரின் தசையில் கோல்போன்ற நுண்ணுயிர்களைக் கண்டார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1882-இல், ஜெர்மானியரான ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டபோது, அதைச் சோதனைச்சாலையில் தனியே வளர்க்கவும், வளர்த்ததைக் கினிப்பன்றிக்கு ஏற்றி அதற்கும் காசநோயை உண்டாக்கிக் காட்டவும் அவரால் முடிந்தது. ஹான்சனுக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அவருடைய கிருமி எந்த ஊட்டக் கரைசலிலும் வளர மறுத்தது. எந்தப் பிராணியிடத்தும் நோயை உண்டாக்கவில்லை. இந்த ஏமாற்றத்தின் உச்சத்தில் 1879-இல் அவர், தம் பராமரிப்பில் இருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவள் இணக்கத்தைக் கேளாமலே நோய்க்கட்டியின் சாரத்தைச் செலுத்தினார். மறு ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு, மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. சோதிக்கப் பிராணி இல்லையெனில் சாஸ்திரியின் கை மனிதனை நோக்கி நீளும் என்பதற்கு இதனினும் துயரமான சாட்சி வேண்டுவதில்லை.

கினிப்பன்றியோ காசநோய் ஆராய்ச்சியில் விலைமதிப்பற்ற ஒன்றைக் கற்பித்தது. ஏற்கெனவே காசநோய்க் கிருமி புகுந்த கினிப்பன்றியின் தோலில் அதே கிருமியை மறுபடி ஏற்றினால், முதல் முறை பல நாட்கள் சென்று தோன்றிய புண் இம்முறை ஓரிரு நாளிலேயே தடித்துச் சிவந்து, உடைந்து, விரைவில் ஆறியும் விடுகிறது என்று 1891-இல் கோக் எழுதினார். அதாவது, அப்பிராணியின் சரீரம் பழைய பகைவனை நினைவில் வைத்திருந்தது. இந்த நினைவைத் தீங்கின்றி உண்டாக்க இயலுமா என்று முயன்றவர்கள் பிரெஞ்சுக்காரர்களான கால்மெத்தும் கேரானும் ஆவர். மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் பதின்மூன்று ஆண்டுகளாக 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் களைந்து, 1921-இல் பாரிஸ் நகரத்துக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாகக் கொடுத்தனர். அதுவே பி.சி.ஜி. மலேசியாவில் 1961-இல் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது முதல், நம் பிள்ளைகளின் புயத்தில் சிறு வட்டத் தழும்பாக நிலைத்திருப்பது அந்த ஊசியின் அடையாளமே.

இந்த ஊசிக்கும் பெருநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். இரண்டு நோய்களின் கிருமிகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. மெழுகு போன்ற மேலுறை பூண்டவை. செந்நிறச் சாயம் ஏற்றிய பின் அமிலத்தில் கழுவினாலும் நிறம் போகாதவை. ஜப்பானியரான மிட்சுடா, பெருநோய்க் கட்டியை வேகவைத்து அரைத்து எடுத்த சாரத்தைத் தோலில் மிகச் சிறிதளவு ஏற்றிப் பார்க்கும் பரிசோதனையை 1919-இல் வெளியிட்டிருந்தார். லெப்ரோமின் என்னும் அந்தச் சாரத்தை ஏற்றி மூன்று வாரங்களுக்கு மேல் காத்திருந்தால், எதிர்க்கும் ஆற்றல் உள்ளவரின் முன்கையில் சிறு முடிச்சொன்று எழும்பும். முகமும் காதும் தடித்து, தேகமெங்கும் கிருமி நிறைந்த கடுமையான நோயாளரிடத்திலோ அந்த இடம் ஒன்றுமே நிகழாததுபோல் வழவழப்பாகவே இருக்கும். கோடிக்கணக்கான கிருமிகளைத் தன்னுள் சுமக்கும் சரீரம், அக்கிருமியின் சாரத்தை அந்நியமென்று உணராமல் இருக்கிறதென்பது எத்தனை விசித்திரம்! அர்ஜென்டினா நாட்டு ஃபெர்னாண்டஸ் 1939-இல், லெப்ரோமினுக்கு முடிச்செழாத குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. கொடுத்தபின் அவர்களில் மிகப் பலருக்கு முடிச்செழுந்ததைக் கண்டு கூறினார். ஒரு நோய்க்கு வைத்த ஊசி வேறொரு நோயின்பால் உடலை விழிக்கச் செய்தது. பெருநோய்த் தடுப்பூசி என்னும் எண்ணத்துக்கு விதை இதுவே.

ஆயினும், விதை முளைப்பதற்கு ஒரு பிராணி வேண்டியிருந்தது. ஹான்சன் காலத்திலிருந்து எண்பத்தேழு ஆண்டுகள் அது கிடைக்கவில்லை.

1960-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் ஷெப்பர்டு அதைக் கண்டடைந்தார். பெருநோய் மனிதனின் குளிர்ந்த உறுப்புகளையே நாடிச் செல்கிறது. காது மடல், மூக்கு, விரல்கள், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் ஆகியவற்றையே அது கெடுக்கிறது. உள்ளுறுப்புகளின் வெப்பம் அதற்கு ஆவதில்லை. அங்ஙனமாயின் சுண்டெலியின் வயிற்றிலும் நாளத்திலும் கிருமியை ஏற்றிப் பயனென்ன, உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்திருக்கும் அதன் பின்னங்கால் பாதத்தில் ஏற்றினால் என்ன என்று அவர் எண்ணினார். கேட்பதற்கு எளிய எண்ணம். ஆனால் அதுவரை யாரும் உரிய பொறுமையோடு அதைச் செய்து முடித்திருக்கவில்லை.

அந்தப் பிரயோகத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். நோயாளரின் தோலிலிருந்து மொச்சைக் கொட்டையளவு சதை வெட்டி எடுக்கப்படுகிறது. அதை அரைத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ்ச் செந்நிறக் கோல்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கிட்டு, ஏற்றப்படும் துளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகள் மட்டுமே இருக்கும்படி நீர்க்கச் செய்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் நூற்றில் மூன்று பங்கே ஆன அத்துளி, மயிரிழை போன்ற ஊசியால் சுண்டெலியின் பாதத்தின் அடித்தோலுக்குள் செலுத்தப்படுகிறது. பிறகு காத்திருக்க வேண்டியதுதான். சாதாரணக் கிருமிகள் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகப் பெருகும்போது, பெருநோய்க் கிருமி ஒரு முறை பெருகுவதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் எடுத்துக்கொள்கிறது. ஆறு மாதம், எட்டு மாதம் கழிந்தபின் அப்பாதத்தை எடுத்து அரைத்து மறுபடி எண்ணினால், பத்தாயிரம் ஏறத்தாழப் பத்து இலட்சமாகியிருப்பது தெரியும். வெளியில் பார்த்தால் எலிக்கு யாதொரு ஊனமும் இல்லை. சாதாரண மனிதர் பெரும்பாலோரைப் போலவே, அந்த எலியும் கிருமியை ஓர் எல்லைவரை விட்டுப் பிடித்து, அதற்கு மேல் பெருகவொட்டாமல் நிறுத்திவிடுகிறது.

இந்த நிறுத்தம்தான் ஆராய்ச்சியாளர் கவனத்தைக் கவர்ந்தது. எலியின் உள்ளே எது கிருமியை நிறுத்துகிறது? 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்பவர், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்னும் சுரப்பியைப் பிறந்தவுடன் அகற்றிவிட்டால் சுண்டெலி நோயை எதிர்க்கும் சக்தியைப் பெரிதும் இழந்துவிடுகிறது என்று நிரூபித்திருந்தார். அதுகாறும் பயனற்ற உறுப்பென்று கருதப்பட்ட தைமஸ், நிணநீர் அணுக்களில் ஒரு வகைக்குப் பாடசாலையாக இருப்பது அதன்பின் விளங்கியது. லண்டன் மில் ஹில்லிலுள்ள தேசிய வைத்திய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர். ஜே. டபிள்யூ. ரீஸ், இந்த அறிவைப் பெருநோயின்மேல் பிரயோகித்தார். தைமஸை நீக்கி, கதிரியக்கத்தால் மீதமிருந்த நிணநீர் அணுக்களையும் அழித்த எலிகளின் பாதத்தில் கிருமியை ஏற்றியபோது, கிருமி பத்து இலட்சத்தில் நிற்கவில்லை. அதனினும் பன்மடங்கு பெருகி, பாதம் வீங்கி, மூக்குக்கும் காதுக்கும் பரவி, நரம்புகளுக்குள் புகுந்தது. மனிதரிடத்துக் காணும் கடுமையான பெருநோய், அவ்வண்ணமே சுண்டெலியில் தோன்றிவிட்டது. 1966-இல் அவர் இதை வெளியிட்டார். அந்த எலிகளுக்கு ஆரோக்கியமான எலிகளின் நிணநீர் அணுக்களை ஏற்றினால், பாதம் கொதித்துச் சிவந்து, கிருமிகள் குறையத் தொடங்கின. நோயாளருக்குச் சில சமயம் திடீரென்று தோன்றி நரம்பை வதைக்கும் அழற்சிக்கும் இதுவே காரணம் என்பதும் வெளியாயிற்று.

இதே காலத்தில், காசநோய்க் குலத்துக் கிருமிகளை எதிர்ப்பதில் இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களுக்குப் பெரும் பங்கில்லை, நிணநீர் அணுக்களே தலைமை தாங்குகின்றன என்று மெக்கானஸ் என்னும் ஆஸ்திரேலியர் சுண்டெலிகளைக் கொண்டே காட்டினார். தேகத்தில் அந்நியக் கிருமியை விழுங்குவதற்கென்றே இருக்கும் பேரணுக்கள், பெருநோய்க் கிருமியையும் தயங்காமல் விழுங்கிவிடுகின்றன. விழுங்கியதைச் செரித்து அழிக்க வேண்டுமானால், நிணநீர் அணுக்களிடமிருந்து அவற்றுக்குக் கட்டளை வர வேண்டும். பெரட்டுக்குக் கூடி நிற்பவர்கள், தங்கள் நிரை எதுவென்று கங்காணி சொல்லும்வரை கத்தியும் வாளியுமாய் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல, கட்டளை வராத பேரணுக்கள் வயிறு நிறையக் கிருமியைச் சுமந்துகொண்டு வாளா இருக்கின்றன. கடும்நோயாளரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் ஏராளமாக இருந்தும் அவை பயன்படாமைக்கு இதுவே காரணம். மறுபுறம், கட்டளை அளவுக்கு மிஞ்சி வந்தாலும் தீமைதான்: கிருமி மிகச் சிலவாகவே இருந்தும், அவற்றைத் துரத்தும் வேகத்தில் நரம்பே கருகிப்போகிறது. ஒரே கிருமி ஒருவரை முகம் முழுதும் தடிக்கச் செய்வதற்கும், மற்றொருவருக்கு ஒரே ஒரு படையோடு கைவிரல்களை மடக்கிவிடுவதற்கும், வித்தியாசம் கிருமியில் இல்லை. அது புகுந்த சரீரத்தில் இருக்கிறது.

இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கைச் சொல்லாமல் மேற்செல்ல எனக்கு மனமில்லை. 1950-களின் இறுதியில் சுங்கை பூலோவில், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சி மன்றமும் மலாயா அரசாங்கமும் கூடி ஒரு பெருநோய் ஆராய்ச்சிப் பிரிவை அமைத்தன. வாட்டர்ஸ், பெட்டிட், பியர்சன் முதலிய டாக்டர்கள் அங்கே பணிபுரிந்தனர். சுங்கை பூலோ வாசிகளின் தோலிலிருந்து வெட்டப்பட்ட சிறு சதைத் துண்டுகள் பனிக்கட்டி நிரம்பிய பாத்திரத்தில் வைத்து விமானமேற்றி லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கே ரீஸ் அவற்றைச் சுண்டெலிகளின் பாதத்தில் ஏற்றினார். பெருநோய்க்குக் கொடுக்கப்பட்டுவந்த டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக உண்டும் நோய் மீண்டும் கிளர்ந்தவர்களின் கிருமி, டாப்சோன் கலந்த தீனி தின்ற எலியின் பாதத்திலும் தடையின்றிப் பெருகியது. அம்மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி உலகில் இருக்கிறதென்பதற்கு முதல் நிரூபணம் அதுவே. 1964-இல் பெட்டிட்டும் ரீஸும் அதை வெளியிட்டனர். பத்தாண்டு டாப்சோன் உண்ட பன்னிரண்டு நோயாளரைச் சோதித்ததில், எழுவரின் தேகத்தில் உயிருள்ள கிருமி இன்னும் ஒளிந்திருந்ததை 1974-இல் வாட்டர்ஸும் கூட்டாளிகளும் எலியின் துணைகொண்டே கண்டனர். ரிஃபாம்பிசின் என்னும் மருந்து கிருமியைச் சில நாட்களிலேயே கொன்றுவிடுகிறது என்பதும் 1970-இல் சுங்கை பூலோ நோயாளர் மூலமே உலகுக்குத் தெரிந்தது. சீனரும் மலாய்க்காரரும் நம்மவருமாக அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர்களை அந்தக் கட்டுரைகளில் காண முடியாது. எண்களும் எழுத்துகளுமே உண்டு. ஆயினும், 1981-இல் உலக சுகாதார நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை விதித்தபோது, அவ்விதியின் அடிப்படையில் அவர்கள் கொடுத்த தோலும் இருந்தது. இவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நன்றியில் ஒரு பகுதியைக்கூட நாம் இன்னும் செலுத்தவில்லை என்றே கருதுகிறேன்.

தடுப்பூசிக்குத் திரும்புவோம். பி.சி.ஜி. ஏற்றிய சுண்டெலிகளின் பாதத்தில் பெருநோய்க் கிருமி நன்றாகப் பெருகாமற் போவதை ஷெப்பர்டு கண்டார். பின்னர், வெப்பத்தால் கொன்ற பெருநோய்க் கிருமியையே ஏற்றினாலும் எலிக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது என்றும் காட்டினார். இனி மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே? அங்கே ஒரு தடை. எலியின் பாதத்தில் விளையும் பத்து இலட்சம் கிருமி ஒருவருக்கும் போதாது. ஊசி தயாரிக்கக் கோடானு கோடிக் கிருமி வேண்டும்.

இத்தடையை நீக்கியது, நம் தோட்டங்களில் இரவில் நடமாடும் அழுங்கைப் போலக் கவசம் பூண்ட, அமெரிக்கக் கண்டத்து ஆர்மடில்லோ. அதன் உடற்சூடு மனிதனுடையதைவிடக் குறைவு. எனவே கிருமி அதன் ஈரலிலும் மண்ணீரலிலும்கூடத் தங்குதடையின்றிப் பெருகும். கிர்ச்ஹைமரும் எலினார் ஸ்டோர்ஸ் அம்மையாரும் 1971-இல் லூயிசியானா மாகாணத்தில் இதை நிரூபித்தனர். ஓர் ஆர்மடில்லோவின் ஈரலில் ஒரு கிராமுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட கிருமி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 1974-இல் தொடங்கிய பெருநோய் எதிர்ப்பாற்றல் ஆராய்ச்சித் திட்டம், அந்தக் கிருமிகளைச் சுத்திகரித்துக் கொன்று பல நாடுகளின் ஆராய்ச்சிக்கு வழங்கியது. வெனிசுவேலா நாட்டு ஜசிந்தோ கான்வித், அவ்விதம் கொன்ற கிருமியைப் பி.சி.ஜி.யோடு கலந்து, லெப்ரோமினுக்கு விழிக்காத நோயாளருக்குக் கொடுத்து, அவர்களுள் பலர் விழிப்பதைக் கண்டார். உலகமெங்கும் ஒரு பெரும் நம்பிக்கை பிறந்தது.

ஆனால், எலியினிடத்து ஜெயித்தது மனிதரிடத்தும் அப்படியே ஜெயிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பி.சி.ஜி.யே அதற்கு உதாரணம். உகாண்டா நாட்டுக் குழந்தைகளில் பெருநோயை நூற்றுக்கு எண்பது அளவுக்குத் தடுத்த அதே ஊசி, நியூகினியாவில் ஏறக்குறைய பாதியளவும், பர்மாவில் ஐந்தில் ஒரு பங்கும்தான் தடுத்தது. தமிழ்நாட்டுச் செங்கற்பட்டு மாவட்டத்தில், மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியில் 1968-இல் தொடங்கிய பெரும் பரிசோதனையிலோ, அது காசநோய்க்குக் கிஞ்சித்தும் பாதுகாப்பளிக்கவில்லை என்று 1979-இல் அறிந்தபோது உலக வைத்தியர்கள் திகைத்துப் போனார்கள். பெருநோய்க்குச் சிறிதளவே பயன் தந்தது.

இந்தப் புதிருக்கு ஒரு விடையைக் கினிப்பன்றி ஏற்கெனவே சொல்லியிருந்தது. பால்மர், லாங் என்னும் இருவர் 1966-இல் எழுதியிருந்ததாவது: மண்ணிலும் நீரிலும் வாழும், நோய் விளைவிக்காத, ஆனால் அதே குலத்தைச் சேர்ந்த கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்கு முதலில் ஏற்றினால், அவற்றாலேயே காசநோய்க்கு எதிராக ஓரளவு காப்புக் கிடைத்துவிடுகிறது, அதன் மேல் பி.சி.ஜி. கொடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பமே. வெறுங்காலோடு வயலில் இறங்கி, ஏரி நீரைக் குடித்து வளர்ந்த செங்கற்பட்டுக் குழந்தை, ஊசி போடுவோர் வருமுன்பே அந்தக் குலத்துக் கிருமிகளோடு பழகிவிட்டிருக்கும். அப்பழக்கம் தந்த அளவே அந்த ஊசியும் தரமுடியும் என்றால், ஊசியின் பயன் எங்ஙனம் வெளிப்படும்? இது முழு விடையென்று நான் சாதிக்கவில்லை. ஆயினும், மற்ற விடைகளைக் காட்டிலும் இதுவே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இந்திய ஆராய்ச்சியாளர் இந்தச் சொந்தக் குலக் கிருமிகளையே துணைக்கு அழைத்தனர். பம்பாய் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் 1958-இல் பெருநோய்க் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு கிருமியை, கதிரியக்கத்தால் கொன்று எம். ஜி. தேவ் ஓர் ஊசியாக்கினார். அந்த மையத்தின் பெயரெழுத்துகளையே கொண்டு அது ஐ.சி.ஆர்.சி. ஊசி எனப்பட்டது. டெல்லியில் ஜி. பி. தல்வார், நோய் விளைவிக்காத பல கிருமிகளைச் சோதித்து, அவற்றுள் டபிள்யூ என்னும் குறியிட்டதே பெருநோயாளரின் நிணநீர் அணுக்களை நன்கு எழுப்புவதாகக் கண்டு, அதைக் கொன்று ஊசியாக்கினார். பின்னாளில் அதற்கு மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி என்று பெயர் சூட்டப்பட்டது. ஆர்மடில்லோவுக்காக அமெரிக்காவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சாதாரண ஊட்டத்தில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வளர்த்துக்கொள்ளலாம். ஓர் ஏழை நாட்டின் தேவையை உணர்ந்து செய்த இவ்விரு முயற்சிகளும் எனக்கு மிகுந்த பெருமிதத்தை அளிப்பவை.

இவை யாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு மறுபடியும் தமிழ்நாட்டின்மேல் விழுந்தது. ஆக்ராவிலுள்ள ஜால்மா மத்தியப் பெருநோய் நிலையத்தின், சென்னையை அடுத்த ஆவடியில் இயங்கிய களப்பிரிவு, எம். டி. குப்தே தலைமையில், 1991 ஜனவரியில் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஒரு மகா பரிசோதனையைத் தொடங்கியது. பி.சி.ஜி., பி.சி.ஜி.யோடு கொன்ற பெருநோய்க் கிருமி, டபிள்யூ கிருமி, ஐ.சி.ஆர்.சி. கிருமி என்னும் நான்கோடு, வெறும் உப்புநீரும் ஐந்தாவதாக வைக்கப்பட்டது. எந்தக் குப்பியில் எது என்பது போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களில் தகுதியுடையோர் 2,16,000 பேர். அவர்களுள் 1,71,400 பேர் தாமாகக் கை நீட்டினர். இத்தனை பேரையும் இரண்டரை ஆண்டுகளில் தோல் முழுதும் சோதித்து, ஊசி போட்டு, பிறகு மறுபடியும் மறுபடியும் வீடு வீடாகத் தேடிச் சென்று புதிய படை ஏதேனும் தோன்றியதா என்று வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பதென்றால், அதற்கு வேண்டிய பொறுமை எலியின் பாதத்துக்கு முன் காத்திருந்த பொறுமையினும் பெரிது. உப்புநீரைப் பெற்றவர்களும் உண்டென்பதை அறிந்தே அந்தக் கிராமத்தார் இசைந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1998-இல் வெளியான முடிவு இது: ஐ.சி.ஆர்.சி. ஊசி நூற்றுக்கு 65.5 அளவும், பி.சி.ஜி.யும் கொன்ற பெருநோய்க் கிருமியும் சேர்ந்தது 64 அளவும், பி.சி.ஜி. தனியே 34.1 அளவும், டபிள்யூ 25.7 அளவும் நோயைத் தடுத்தன. வெனிசுவேலாவில் 29,113 பேரிடமும், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 1,21,020 பேரிடமும் நடந்த பரிசோதனைகளிலோ, கொன்ற பெருநோய்க் கிருமியைச் சேர்த்ததால் பி.சி.ஜி.யின் பயன் சற்றும் கூடவில்லை; மலாவியில் பி.சி.ஜி.யை இரண்டாம் முறை போட்டதே பாதியளவு கூடுதல் காப்பைத் தந்தது. ஒரே கலவை ஒரு நாட்டில் வீணாகி, மற்றொரு நாட்டில் பலித்திருக்கிறது. எலியோ ஆர்மடில்லோவோ இந்த வேறுபாட்டை முன்னறிவித்திருக்க இயலாது. சோதனைச்சாலையின் சுத்தமான கூண்டில் வளரும் எலி தன் வாழ்நாளில் ஒரு வயலின் சேற்றை மிதித்ததில்லை. மனிதனோ மண்ணோடும் நீரோடும் தன் எதிர்ப்புச் சக்தியை நாள்தோறும் மாற்றிக்கொண்டே வாழ்கிறவன்.

முடிவு வெளியாகும் நேரத்தில், நோயின் நிலைமையே மாறிவிட்டிருந்தது. கூட்டு மருந்து சிகிச்சை எங்கும் பரவி, நோயாளர் தொகை விரைந்து குறைந்துகொண்டிருந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்னும் எல்லையை மலேசியா 1994-இலும், இந்தியா 2005-ஆம் ஆண்டு இறுதியிலும் எட்டின. ஆகவே, செங்கற்பட்டுச் சீமையில் மெய்ப்பிக்கப்பட்ட ஊசிகள் ஊர்தோறும் கொடுக்கும் திட்டமாக வளரவில்லை. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். மருந்து நோயாளரைக் குணப்படுத்துகிறது. ஆனால் புதிதாக ஒருவருக்கு நோய் வராமலிருக்க அது முழு உத்தரவாதம் ஆகாது. எண்ணிக்கை எல்லைக்குக் கீழ் சென்றதென்று விழா எடுத்த பின்னும், இந்தியாவில் ஆண்டுதோறும் புதிய நோயாளர் இலட்சக் கணக்கில் கண்டறியப்பட்டு வந்தார்கள். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். குழந்தைக்கு நோய் வருகிறதென்றால், அந்த வீட்டிலோ அண்டையிலோ கிருமி இன்னும் உலவுகிறதென்பதே பொருள்.

முயற்சி முற்றிலும் நின்றுவிடவில்லை. பிரேசில் நாட்டில் நோயாளரின் வீட்டாருக்குப் பி.சி.ஜி. கொடுக்கும் வழக்கம் நீடிக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம், பெருநோய்க் கிருமியின் புரதங்கள் சிலவற்றை ஒன்றாய்ப் பிணைத்து, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஒரு பொருளோடு சேர்த்து லெப்வாக்ஸ் என்னும் புதிய ஊசியை உருவாக்கியிருக்கிறது. கிருமி புகுந்த ஆர்மடில்லோக்களுக்கு அதைக் கொடுத்தபோது, அவற்றின் நரம்புகள் கெடுவது தாமதப்பட்டது என்னும் செய்தி எனக்கு மிகுந்த உவகையைத் தந்தது. ஏனெனில், பெருநோயாளரைச் சமூகத்தினின்று பிரித்தது பெரும்பாலும் கிருமியன்று, நரம்பு கெட்டதால் மடங்கிய விரலும் மூடாத கண்ணும் ஆறாத பாதப் புண்ணுமே. ஆரோக்கியமான மனிதரிடம் அதன் முதற் கட்டச் சோதனை முடிந்து, 2020-இல் வெளியாயிற்று. நோய் மிகுந்த இடங்களில் அதை நீண்ட காலம் சோதித்தாலன்றி, செங்கற்பட்டில் பெற்ற அனுபவத்துக்குப் பின், யாரும் அதைப் பற்றி உறுதியாகக் கூறத் துணிய மாட்டார்கள்.

நரம்பு கெட்டு மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்த, வேலூரிலும் காரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டு செய்த அரும்பணியையும், அங்கே கற்றவை மலாயாவின் நோயாளர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்த விதத்தையும் அடுத்த பகுதியில் காண்போம்.

(தொடரும்)